குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து: அளவே காவல்

பெங்களூரு மாநகரின் கிழக்குப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு அண்மையில் அமைந்துள்ளது மர்பி டவுன். 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய படைமுகாமைச் சார்ந்து வளர்ந்த வட்டாரத்தில் உள்ள குடியிருப்பு இது. சென்னை மாகாணப் படைகளோடும், அவற்றை அண்டிய தொழில்களோடும் தமிழ் மக்கள் இவ்வட்டாரத்தில் குடியேறினர். இன்றும் இங்கே தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு ஆகிய மொழிகள் தெருவில் கலந்து ஒலிக்கின்றன. ஆனால், இங்குள்ள மருந்துக் கடைகளில் விற்கப்படும் புட்டிகளின் மீது முதன்மையாக அச்சிடப்பட்டிருக்கும் மொழி ஆங்கிலமே. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊட்டும் பணியில் தாய்க்கும் பாட்டிக்கும் ஏற்படும் இடர்ப்பாடு இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகிறது.

இத்தகைய குடியிருப்பில் ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பதினான்கு மாதக் குழந்தை. எடை எட்டு கிலோகிராம். சென்ற மாதம் காய்ச்சல் கண்டபோது, மருத்துவர் ஒரு பாகு மருந்தை எழுதி, ஐந்து மில்லி லிட்டர் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் தணிந்தது, புட்டியும் காலியாயிற்று. இம்மாதம் மீண்டும் காய்ச்சல். வேலை முடிந்து திரும்பும் தந்தை, இரவு ஒன்பது மணிக்குக் கடையில் அதே மருந்தின் பெயரைச் சொல்லி ஒரு புட்டி வாங்கி வருகிறார். பாட்டி வழக்கம்போல் ஐந்து மில்லி லிட்டர் ஊட்டுகிறார். மருந்தும் அதுவே, அளவும் அதுவே. எனினும் குழந்தையின் உடலுக்குள் சென்றது முன்னைப்போல் இரு மடங்கு மருந்து. பழைய புட்டியில் ஐந்து மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம் மருந்து கரைக்கப்பட்டிருந்தது. புதிய புட்டியிலோ அதே ஐந்து மில்லி லிட்டருக்கு 250 மில்லிகிராம்.

இதில் யாருடைய அன்பிலும் குறையில்லை, கணக்கில்தான் குறை. காய்ச்சல் மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பது என்பது பெரும்பாலும் ஓர் எளிய கணக்கைச் சரியாகச் செய்வதே ஆகும். அக்கணக்கில் அடங்கியவை நான்கு: குழந்தையின் எடை, மருந்தின் செறிவு, அளக்கும் கருவி, இரு வேளைகளுக்கு இடையிலான நேரம்.

காய்ச்சல் நோயன்று

காய்ச்சல் தனியொரு நோயன்று. அது ஒரு நோயின் அறிகுறி. நுண்கிருமிகள் உடலில் புகும்போது, மூளையில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பகுதி தன் அளவை உயர்த்திக்கொள்கிறது. உயர்ந்த வெப்பநிலை உடலின் எதிர்ப்பு ஆற்றலுக்கு ஒருவகையில் துணை செய்கிறது. ஆகவே வெப்பமானி காட்டும் எண்ணை எப்பாடுபட்டேனும் இயல்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதன்று நோக்கம். குழந்தை துன்பமின்றி இருக்கவேண்டும். பால் குடிக்கவும் நீர் அருந்தவும் உறங்கவும் வேண்டும் என்பதே மருந்து கொடுப்பதன் நோக்கம்.

குழந்தைப் பருவ நோய்களுக்கான ஒருங்கிணைந்த சிகிச்சை வழிமுறைகளில், அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 38.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் வெப்பம் இருந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம் எனக் கூறப்பட்டுள்ளது. அதற்குக் குறைவான காய்ச்சலில் விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்து தேவைப்படுவதில்லை. மருந்து கொடுத்தால் காய்ச்சல் வலிப்பு வராது என்பது பரவலான நம்பிக்கை. ஆயின், காய்ச்சல் தணிப்பு மருந்துகள் இவ்வலிப்பைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. வலிப்புக்கு அஞ்சி அடுத்தடுத்து மருந்து ஊட்டுவதால் பயனில்லை, தீங்கு உண்டு.

கம்பளியால் இறுகப் போர்த்துவது வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். பனிக்கட்டி நீரால் துடைப்பது நடுக்கத்தை உண்டாக்கி வெப்பத்தை மேலும் உயர்த்தக் கூடும். மெல்லிய பருத்தி ஆடை, காற்றோட்டம், அடிக்கடி தாய்ப்பால் அல்லது நீர் ஆகியவையே முதலுதவி.

பாராசிட்டமாலின் இரு முகங்கள்

பாராசிட்டமால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்ட பொருளாயினும், நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது. அக்காலத்தில் வழங்கிய வேறொரு காய்ச்சல் மருந்து உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறியே பயன் தருகிறது என்பதை 1948இல் அமெரிக்க அறிவியலாளர்களான பிராடியும் ஆக்சல்ராடும் கண்டறிந்தனர். அதன் பின்னரே இது உலகெங்கும் பரவியது. காய்ச்சலுக்கு மட்டுமன்றிக் காதுவலி, தொண்டைவலி, அடிபட்ட வலி, தடுப்பூசிக்குப்பின் தோன்றும் வலி ஆகியவற்றுக்கும் இதுவே முதல் மருந்து. அமெரிக்காவில் இதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் புட்டியில் இப்பெயரைக் கண்டு அது வேறு மருந்தென்று கருதி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடலாகாது.

உரிய அளவில் இம்மருந்து மிகவும் பாதுகாப்பானது. கல்லீரல் அதன் பெரும்பகுதியைத் தீங்கற்ற பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றி விடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுத்தன்மை வாய்ந்த இடைப்பொருளாகிறது. கல்லீரலில் சேமிப்பில் உள்ள குளூட்டத்தயோன் என்னும் பொருள் அந்நச்சை உடனுக்குடன் முறிக்கிறது. அளவு மிகும்போது நச்சும் மிகுகிறது. முறிக்கும் பொருளின் இருப்புத் தீர்ந்துபோகிறது. கல்லீரலின் உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன. பல நாள் உணவின்றி மெலிந்த குழந்தையிடமும், ஊட்டம் குறைந்த குழந்தையிடமும் இந்த இருப்பு முன்பே குறைந்திருக்கும்.

இந்நச்சின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. மிகையளவு மருந்து உட்சென்ற முதல் நாளில் குமட்டலோ வாந்தியோ தவிர வேறு அறிகுறி தோன்றாமலிருக்கலாம். குழந்தை தேறிவிட்டதுபோலவும் காணப்படலாம். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கல்லீரல் பாதிப்பு வெளிப்படும். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால் சிறந்த பயனளிக்கும். எனவே அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திருத்தல் பெருந்தவறு.

ஒரே பெயர், மூன்று செறிவு

நம் நாட்டுக் கடைகளில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நீர்மம் பொதுவாக மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம். ஒருவகைப் பாகில் ஐந்து மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம். சில நிறுவனங்களின் தயாரிப்பில் இது 120. வலிமை மிகுந்த பாகில் ஐந்து மில்லி லிட்டருக்கு 250 மில்லிகிராம்.

சொட்டு மருந்து கைக்குழந்தைக்கு உரியது. ஆகவே அது வலிமை குன்றியது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. சிறு குழந்தையின் வாயில் மிகுந்த நீர்மத்தை ஊற்ற இயலாது என்பதற்காகவே மருந்து அதில் செறிவாகக் கரைக்கப்பட்டுள்ளது. சொட்டு மருந்தின் ஒரு மில்லி லிட்டர், 125 மில்லிகிராம் வகைப் பாகின் நான்கு மில்லி லிட்டருக்குச் சமம். பாகு என்று கருதிச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி லிட்டரைக் கொடுத்தால், ஒரே வேளையில் 500 மில்லிகிராம் உட்செல்லும். அது வளர்ந்த ஒருவர் உட்கொள்ளும் முழு மாத்திரையின் அளவாகும்.

ஒரு வேளைக்கான அளவு, குழந்தையின் எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேற்படாமல் கொடுக்கலாம். 15 மில்லிகிராம் என்னும் மேல் வரம்பைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு வேளைக்கு மிஞ்சக்கூடாத அளவு வருமாறு:

எடை 5 கிலோகிராம் (75 மில்லிகிராம்): சொட்டு மருந்தில் 0.75 மி.லி.; 125 வகைப் பாகில் 3 மி.லி.; 250 வகைப் பாகில் 1.5 மி.லி.

எடை 8 கிலோகிராம் (120 மில்லிகிராம்): சொட்டு மருந்தில் 1.2 மி.லி.; 125 வகைப் பாகில் 4.8 மி.லி.; 250 வகைப் பாகில் 2.4 மி.லி.

எடை 10 கிலோகிராம் (150 மில்லிகிராம்): சொட்டு மருந்தில் 1.5 மி.லி.; 125 வகைப் பாகில் 6 மி.லி.; 250 வகைப் பாகில் 3 மி.லி.

எடை 12 கிலோகிராம் (180 மில்லிகிராம்): சொட்டு மருந்தில் 1.8 மி.லி.; 125 வகைப் பாகில் 7.2 மி.லி.; 250 வகைப் பாகில் 3.6 மி.லி.

எடை 16 கிலோகிராம் (240 மில்லிகிராம்): சொட்டு மருந்தில் 2.4 மி.லி.; 125 வகைப் பாகில் 9.6 மி.லி.; 250 வகைப் பாகில் 4.8 மி.லி.

முன்னர்க் கூறிய எட்டு கிலோகிராம் குழந்தைக்கு இக்கணக்கைப் பொருத்திப் பார்க்கலாம். வலிமை மிகுந்த பாகில் ஐந்து மில்லி லிட்டர் ஒருமுறை கொடுத்ததால் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது. ஆனால் அதையே ஒரு நாளில் நான்கு முறை கொடுத்தால் மொத்தம் 1,000 மில்லிகிராம். அதாவது எடையில் கிலோகிராம் ஒன்றுக்கு 125 மில்லிகிராம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, நாளொன்றுக்குக் கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து உட்கொண்டால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும் என்பது நச்சியல் வல்லுநரின் நெறி. வைரஸ் காய்ச்சல் மூன்று நாள் நீடிப்பது இயல்பே. ஆகவே ஆபத்து என்பது ஒரு புட்டியை முழுவதும் குடித்துவிடும் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. வேளை தவறாமல், அக்கறையோடு, தவறான அளவில் ஊட்டப்படும் குழந்தைக்கும் உரியது.

வயதன்று, எடையே அளவுகோல்

சில புட்டிகளின் அட்டையில் வயதை வைத்து அளவு குறிக்கப்பட்டிருக்கும். அது சராசரி எடையுள்ள குழந்தைக்கே பொருந்தும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். கர்நாடகத்தில் இவ்விகிதம் ஏறத்தாழ 33. மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வயதைக் கொண்டு மருந்தளவைத் தீர்மானிப்பது, மிகையளவைக் கொடுப்பதற்கு வழிசெய்யும். கல்லீரலின் காப்பு இருப்புக் குறைந்திருக்கும் குழந்தைகளும் இவர்களிடையே உள்ளனர்.

எடையை அறிவது அரிதன்று. அங்கன்வாடிகளில் குழந்தைகள் எடை பார்க்கப்படுகின்றனர். தடுப்பூசி நாளன்றும் எடை குறிக்கப்படுகிறது. தாய் சேய் நல அட்டையில் உள்ள அந்த எண்ணே மருந்தளவுக்கும் திறவுகோல். குழந்தை வளர வளர இவ்வெண் மாறும். ஆறு மாதத்துக்கு முன் எழுதிய மருந்துச் சீட்டை இன்று பின்பற்றலாகாது. அண்ணனுக்கு எழுதிய சீட்டு தங்கைக்குப் பொருந்தாது.

கரண்டியும் கடிகாரமும்

‘ஒரு கரண்டி’ என்னும் சொல்லுக்கு மருத்துவத்தில் ஐந்து மில்லி லிட்டர் என்று பொருள். ஆனால் சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தேக்கரண்டி என்று ஒரு வீட்டில் வழங்குவது மூன்று மில்லி லிட்டரும் கொள்ளலாம், ஏழும் கொள்ளலாம். புட்டியுடன் வரும் அளவு மூடி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றையே பயன்படுத்த வேண்டும். சிறு குழந்தைகளுக்கு ஊசியில்லாத ஊட்டு சிரிஞ்சு இன்னும் துல்லியமானது. ஒரு புட்டியின் உறிஞ்சுகுழலை மற்றொரு மருந்துக்குப் பயன்படுத்தலாகாது.

பாகு மருந்துகளுள் பல, மருந்துத் துகள் நீரில் மிதக்கும் தொங்கல் கலவைகள். வைத்த இடத்தில் துகள் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதலில் நீர்த்த மருந்தும், புட்டியின் அடியில் மிகச் செறிந்த மருந்தும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்க வேண்டும். குழந்தையை நிமிர்த்தி அமர்த்தி, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது மூச்சுக்குழலில் மருந்தைச் செலுத்திவிடும். மருந்து கொடுத்த அரைமணி நேரத்துக்குள் முழுவதையும் வாந்தியெடுத்தால் அதே அளவை ஒருமுறை மீண்டும் கொடுக்கலாம்; மறுபடியும் வாந்தியெடுத்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கூட்டுக் குடும்பத்தில் மற்றொரு பிழை எளிதில் நேர்கிறது. தாய் மாலை ஆறு மணிக்குக் கொடுத்ததை அறியாமல், பாட்டி எட்டு மணிக்கு மீண்டும் கொடுக்கிறார். நாட்காட்டித் தாளின் பின்புறத்திலேனும் மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவைத்தால் இப்பிழை நேராது. நன்றாக உறங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பத் தேவையில்லை.

பெரியவர்களுக்குரிய 650 மில்லிகிராம் மாத்திரையை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பத்து கிலோகிராம் குழந்தைக்கு அதில் பாதி கொடுத்தால் உரிய அளவைப்போல் இரு மடங்கு மிகும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

ஒரு புட்டிக்குள் பல மருந்துகள்

சளி, இருமல், காய்ச்சல் மூன்றுக்கும் ஒரே பாகு என விற்கப்படும் கலவை மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்துள்ளது. மெஃபனாமிக் அமிலமும் பாராசிட்டமாலும் கலந்த பாகுகளும் உண்டு. காய்ச்சலுக்கு ஒரு புட்டி, சளிக்கு ஒரு புட்டி எனத் தனித்தனியே வாங்கும் பெற்றோர், இரண்டிலும் ஒரே மருந்தைத் தம்மையறியாமல் இரட்டித்துக் கொடுத்துவிடுகின்றனர். இதைத் தவிர்க்க வணிகப் பெயரைப் பார்த்தால் போதாது. உட்கூறுகளைப் பார்க்க வேண்டும். வணிகப் பெயரைவிட மருந்தின் பொதுப்பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும் என்னும் விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது இதற்குத் துணை செய்கிறது.

குளோர்ஃபெனிரமின், ஃபெனைலெஃப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையை அட்டையில் பொறிக்குமாறு 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், பொதுவாக ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு அவை பரிந்துரைக்கத்தக்கன அல்ல என்றும் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது.

விலக்க வேண்டியவை

ஆஸ்பிரின் முன்னாளில் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டது. சின்னம்மை, ஃபுளூ போன்ற வைரஸ் நோய்களில் அதைக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் உண்டாவது 1980களில் தெளிவாயிற்று. மருத்துவர் தனிக் காரணம் பற்றி எழுதினாலன்றிக் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. நிமசுலைடு என்னும் மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்துவதை 2011இல் இந்திய அரசு தடை செய்தது.

ஐபுபுரோஃபென் பயனுள்ள மருந்தாயினும், ஆறு மாதம் நிறைவடைந்த குழந்தைகளுக்கு மருத்துவர் ஆலோசனையுடன் கொடுக்க வேண்டியது. வயிற்றுப்போக்காலும் வாந்தியாலும் உடல்நீர் வற்றிய குழந்தையின் சிறுநீரகத்தை அது பாதிக்கக்கூடும். சின்னம்மையிலும் அதைத் தவிர்ப்பது நன்று.

டெங்கு பரவும் பருவத்தில் இவ்வெச்சரிக்கை இன்னும் முதன்மை பெறுகிறது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குக் காய்ச்சலைக் கொள்ளைநோய்ப் பட்டியலில் சேர்த்தது. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் தட்டணுக்களின் செயலைத் தடுத்து இரத்தக்கசிவை மிகுவிக்கும். ஆகவே காரணம் தெரியாத காய்ச்சலில் பாராசிட்டமால் ஒன்றே ஏற்றது. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளையாகவும் இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல் ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது.

வீட்டு வைத்தியம் நிற்கவேண்டிய இடம்

இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டில் எம்மருந்தும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வயதில் காய்ச்சல், கடும் கிருமித்தொற்றின் ஒரே அறிகுறியாக இருக்கலாம். எவ்வயதுக் குழந்தையாயினும், பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை, உட்கொண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, நினைவு மங்கல், மூச்சுத் திணறல், சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், அல்லது காய்ச்சல் மூன்று நாளைக் கடந்தாலும் மருத்துவரை நாட வேண்டும்.

மருந்து மிகையாகக் கொடுக்கப்பட்டது தெரியவந்தால், அச்சத்தாலோ வெட்கத்தாலோ மறைத்தலாகாது. புட்டியையும் எடுத்துக்கொண்டு, கொடுத்த அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் கூற வேண்டும். மர்பி டவுன் மக்களுக்குச் சிவாஜி நகரிலுள்ள பௌரிங் அரசு மருத்துவமனை அண்மையில் உள்ளது. 108 ஊர்தி எங்கும் உண்டு. மருத்துவர்கள் ஆலோசனை பெறப் புதுடெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையம் செயல்பட்டு வருகிறது.

புட்டிக்குள் இருப்பதற்கு யார் பொறுப்பு?

இதுவரை கூறியவை அனைத்தும் புட்டிக்குள் இருப்பது மருந்துதான் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்பவை. அந்நம்பிக்கை சில வேளைகளில் பொய்த்துள்ளது. பாராசிட்டமால் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற துணைநீர்மங்கள் சேர்க்கப்படுகின்றன. இவற்றைப் போலவே தோற்றமும் இனிப்பும் கொண்டது டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். அது மருந்தில் கலந்துவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து குழந்தை இறக்கும். எவ்வளவு கவனமாக அளந்தாலும் அத்தீங்கிலிருந்து தாய் தன் குழந்தையைக் காக்க இயலாது.

1937இல் அமெரிக்காவில் இவ்வேதிப்பொருள் கலந்த மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது. 1972இல் சென்னையில் குழந்தைகள் பலர் இதே நச்சுக்கு இரையாயினர். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்தனர். நீதிபதி லென்டின் ஆணையம் அதை விசாரித்தது. 1990 முதல் 1992 வரை வங்கதேசத்தில் நச்சுக் கலந்த பாராசிட்டமால் பாகினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்த குழந்தைகள் எண்ணற்றோர். 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவிலிருந்து சென்ற பாகு மருந்துகள் ஐயத்துக்குள்ளாயின. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலிகொண்ட பாகு, காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரானது. அனுமதிக்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு, தமிழ்நாட்டு அரசின் ஆய்வில் அதில் காணப்பட்டதோ 48.6 விழுக்காடு.

ஏற்றுமதியாகும் இருமல் பாகுகளுக்கு 2023 ஜூன் முதல் நாள் தொட்டு ஆய்வுக்கூடச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. சிந்துவாராக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட பாகு உள்நாட்டிலேயே விற்பனையானது. அயல்நாட்டுக் குழந்தைக்கு அளிக்கும் காவல் சொந்த நாட்டுக் குழந்தைக்கும் உரியதே. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தப்பட்ட ‘எம்’ அட்டவணை, தயாரிப்புத் தரத்துக்கான விதிகளைக் கடுமையாக்கியுள்ளது. விதி எவ்வளவு செம்மையாயினும், ஒவ்வொரு பீப்பாய்த் துணைநீர்மமும் சோதிக்கப்படும்போதுதான் அது உயிர் பெறும்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

அதிகச் செலவின்றிச் செய்யத்தக்கவை பல உள்ளன. தாய் சேய் நல அட்டையில் எடை குறிக்கப்படும் இடத்துக்கு அருகிலேயே அவ்வெடைக்குரிய பாராசிட்டமால் அளவையும் மில்லி லிட்டரில் எழுத ஓர் இடம் ஒதுக்கலாம். அரசு மருத்துவ நிலையங்களுக்குக் குழந்தைகளுக்கான பாகை ஒரே செறிவில் வாங்குவதைக் கொள்கையாக்கலாம். வீட்டில் புட்டி மாறினாலும் அளவு மாறாது. ஒவ்வொரு புட்டியுடனும் ஊட்டு சிரிஞ்சு ஒன்றைக் கொடுக்கலாம். மர்பி டவுன் போன்ற பன்மொழிக் குடியிருப்புகளில், மக்கள் வாசிக்கும் மொழிகள் அனைத்திலும் அச்சிட்ட அளவுப் பட்டியலை மருந்துக் கடை, அங்கன்வாடி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் சுவரில் தொங்கவிடலாம். எழுத்தறியாதோர்க்கு, சிரிஞ்சின் மீது உரிய அளவுக்கோட்டில் வண்ணக் குறியிட்டுக் கொடுப்பது எல்லாவற்றினும் எளிய வழி. அதைச் செய்ய ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் போதும்.

மருந்துக் கடைக்காரர் ‘எத்தனை வயது?’ என்பதோடு நில்லாமல் ‘எத்தனை கிலோ?’ என்று வினவ வேண்டும். செறிவு மாறிய புட்டியைக் கொடுக்கும்போது அம்மாற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆஷா பணியாளரும் செவிலியரும் அளந்து காட்டுவதோடு நில்லாமல், தாயையே ஒருமுறை அளக்கச் செய்து பார்க்க வேண்டும்.

தூய்மையான மருந்தைத் தயாரிப்பது தொழிற்சாலையின் கடமை; அதைச் சோதிப்பது அரசின் கடமை; விளங்கும் மொழியில் அளவைச் சொல்வது மருத்துவர், மருந்தாளுநர் ஆகியோரின் கடமை; அளந்து ஊட்டுவது குடும்பத்தின் கடமை. இந்நான்கு கண்ணிகளும் சேர்ந்ததே பாதுகாப்பு என்னும் சங்கிலி. மர்பி டவுனில் அந்தப் பாட்டி புட்டியை விளக்கருகே தூக்கிப் பிடித்து, ‘இதில் ஐந்து மில்லிக்கு எவ்வளவு?’ என்று கேட்டு, அதற்குச் சரியான விடையைப் பெறும் நாளில் அச்சங்கிலி முழுமை பெறும்.